நெய்யாற்றில் விடுமுறைக் காலமும் முதலை முட்டையிடும் காலமும்

அகத்தியமலைப் பகுதியில் பிறந்து பூவாறு அருகே அரபிக் கடலில் கலக்கும் நெய்யாறு, கள்ளிக்காட்டை அடுத்து அணையால் தடுக்கப்பட்டு நன்னீர்த் தேக்கமாக விரிகிறது. இந்நீர்த்தேக்கமும் சூழ்ந்துள்ள காடுகளும் அடங்கிய சுமார் 128 சதுர கிலோமீட்டர் பரப்பு 1958ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. படகில் செல்லவும் வனவிலங்குகளைக் காணவும் மக்கள் இங்கு வருகின்றனர். கோடை விடுமுறையில் மாணவர்களும் ஆசிரியர்களுடன் வருவதுண்டு.

இந்நீர்த்தேக்கத்தில் சதுப்பு முதலை வாழ்கிறது. ஆறு, ஏரி, சதுப்புநிலம் ஆகிய நன்னீர் நிலைகளே இதன் உறைவிடம். இந்தியாவில் முதலையினம் பெரிதும் அருகிவிட்டமையால், 1975ஆம் ஆண்டில் அதனைக் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நெய்யாற்றிலும் முதலைகள் வளர்க்கப்பட்டு நீரில் விடப்பட்டன. பின்னர்க் கரையில் குளிப்போரும் துணி துவைப்போரும் முதலையால் தாக்குண்டதும் உண்டு. எனவே, பிராணிக்கும் மனிதனுக்கும் ஒருங்கே பாதுகாப்பு வேண்டியதாயிற்று.

தென்னிந்தியாவில் இம்முதலை பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும். பெண் முதலை கரையில் குழி தோண்டி, பெரும்பாலும் 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு, மண்ணால் மூடிக் காவல் காக்கும். சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் குரலெழுப்ப, தாய் மண்ணை அகற்றி, அவற்றை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு செல்லும். குழியின் உஷ்ணநிலையே குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை நிர்ணயிக்கிறது. 28 முதல் 31 டிகிரி சென்டிகிரேட் வரை பெண் குஞ்சுகளும், 32.5 டிகிரி அளவில் ஆண் குஞ்சுகளும் உண்டாகின்றன. கரையின் நிழலையும் மண்ணையும் சிதைப்பது இந்நுட்பமான ஏற்பாட்டைக் குலைப்பதாகும்.

நாம் விடுமுறை கொண்டாடும் மாதங்களும் தாய் முதலை காவலிருக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. ஆகவே, மாணவரை அழைத்துச் செல்வோர், குறித்த படகுத்துறையன்றிப் பிற கரைகளில் அவர்களை இறங்க விடலாகாது. நீரில் கை கால்களை நனைத்தலும், எஞ்சிய உணவை எறிதலும் கூடா. வெயில் காயும் முதலையைத் தொலைவிலிருந்தே காட்டுதல் வேண்டும்; அதன் உடலுக்கு வேண்டிய வெப்பம் வெயிலினின்றே கிடைக்கிறது. படகு நெருங்கினால் அது நீருள் மூழ்கிவிடும். காண வந்தோரும் ஏமாற்றமடைவர்.

சரணாலயத்தில் விலங்குகளைத் துன்புறுத்துவதையும் குப்பை போடுவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எனினும், தடையின் காரணத்தை அறிந்த மாணவன் காவலர் இல்லாத இடத்திலும் அதனைப் பின்பற்றுவான். அக்காரணத்தைப் பயணத்திற்கு முன்னரே வகுப்பறையில் விளக்குதல் நலம்.