மௌனமாக ஒரு தியானம்



தியானம் என்றாலே நமக்கு மறையுரை, பாடல், பாவசங்கீர்த்தனம், நற்கருணை ஆராதனை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் தொடங்கிய குவேக்கர் சபையாரின் தியானமோ பெரும்பாலும் மௌனம். திருமுழுக்கும் நற்கருணையும் அவர்களிடம் சடங்காக இல்லை. இதில் நாம் அவர்களோடு ஒன்றுபட முடியாது. ஆயினும், கொரோனாவுக்குப் பின் மாறிப்போன வாழ்வைச் சிந்திக்க அவர்களது முறை ஒன்று உதவும்.

வட்டமாக அமர்கிறார்கள். ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. '2020-க்குப் பின் எதை இழந்தோம், எதை இன்னும் சுமக்கிறோம்?' என்பது போல. விரும்புகிறவர் தம் அனுபவத்தை மட்டும் பேசுவார். யாரும் பதில் சொல்வதில்லை, அறிவுரையும் இல்லை. சற்று மௌனம், பிறகே அடுத்தவர். தாயின் அடக்கத்திற்குப் போக முடியாமற்போன மகனுக்கு, 'எல்லாம் இறைசித்தம்' என்று அவசரமாகச் சொல்வதைவிட (குருக்களாகிய எங்களுக்கு இந்த அவசரம் சற்று அதிகம்) அந்த மௌனம் இதமானது.

அவர்களும் இழந்திருக்கிறார்கள். 1903இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட உட்புரூக் இல்லம் 2023இல் மூடப்பட்டது. அதன்பின் பயிற்சிகள் இணையவழி தொடர்ந்தன.

2023, 2024 ஆயர் மாமன்ற அமர்வுகளிலும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து, பேச்சுக்கிடையே மௌனம் காத்துச் செவிமடுத்தார்கள். அன்பியக் கூட்டத்தில் நாமும் செய்து பார்க்கலாம். ஊரடங்குக்குப் பின் திருப்பலிக்குத் திரும்பாத குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களை முதலில் அழையுங்கள். ஏன் வருவதில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.