ஏற ஏற உரம் பெறும் உடல்

மனித உடலை இயந்திரத்துக்கு உவமை கூறுவது வழக்கம். ஆயினும் ஓரிடத்தில் அவ்வுவமை பொருந்துவதில்லை. இயந்திரம் ஓட ஓடத் தேயும். உடலோ முறையாக உழைக்க உழைக்க உறுதி பெறும். பூண்டுலோயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே இவ்வுண்மையை நாள்தோறும் காணலாம். சமவெளியிலிருந்து வரும் விருந்தினர் சிறிது தூரம் ஏறியதும் மூச்சிரைத்து நிற்பர். தோட்டத்துச் சிறுவர்களோ புத்தகப் பையுடன் பேசிச் சிரித்தபடியே ஏறிச் செல்வர். இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று?

இருதயத்தின் பழக்கம்

ஓய்வாக இருக்கும்போது நமது இருதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடித்து, ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தைச் செலுத்துகிறது. கடுமையாக ஓடும்போது, பயிற்சியில்லாத இளைஞனின் இருதயம் 20 லீற்றர் வரை செலுத்தும். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இவ்வளவு 30 லீற்றரையும் தாண்டுவதுண்டு. பயிற்சியினால் இருதயத்தின் அறைகள் விரிந்து, ஒரே துடிப்பில் மிகுந்த இரத்தத்தை அனுப்பும் வல்லமை பெறுகின்றன. தசைகளிலே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி, பிராணவாயுவை விரைந்து பெற வழி செய்கின்றன.

இந்த வலிமை நிலையான சொத்தன்று. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை 20 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களது ஆற்றல் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! பின்னர் அளித்த பயிற்சி அதனை மீட்டுத் தந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் சோதித்தபோது, முதுமை நோக்கிய அம்முப்பது ஆண்டுகள் விளைத்த நட்டத்தைவிட, அந்த 20 நாட்கள் விளைத்த நட்டமே பெரிதெனத் தெரிந்தது. சோம்பலின் கேட்டுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

அப்படியாயின், நாள் முழுதும் கூடை சுமந்து மலையேறும் நம் தாய்மார் அனைவரும் பெருவலிமை உடையவராக இருக்க வேண்டுமே என நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். உழைக்கும் வேளையில் உடல் வளர்வதில்லை. உழைப்பினால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. மலையிலிருந்து இறங்கும்போது இவை இன்னும் மிகுதி. இறங்கிய மறுநாள் தொடைகள் வலிப்பது இதனாலேயே. உறக்கமும் உணவும் கிடைத்தால் அச்சிதைவுகள் முன்னிலும் உறுதியாகச் சீர்பெறும். அவை கிடையாவிடின், உழைப்பு உடலைத் தேய்க்கவே செய்யும்.

1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா, 2,240 மீற்றர் உயரமுள்ள மெக்சிக்கோ நகரில் நடந்தது. அங்கே 1,500 மீற்றர் ஓட்டத்தில் கென்யாவின் கிப் கெய்னோவும், மரதனில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயும் வென்றனர். இருவரும் மேட்டுநிலத்து மக்கள். காற்று ஐதான உயரத்தில் வாழ்வோரின் உடல் செங்குருதி அணுக்களை மிகுதியாக ஆக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. நம் தோட்டப் பெண்களிடையே நெடுங்காலமாகக் காணப்படும் இரத்தச்சோகை, மலை தரும் இந்த நன்மையைப் பறித்துவிடுகிறது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

கீரை, பயறு, நெத்தலி ஆகியவற்றை உணவிற் சேர்த்து, சிறிது தேசிக்காய்ச் சாறும் பிழிந்துண்டால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவுடனோ உண்டவுடனேயோ தேநீர் அருந்துவது அச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துவதே நன்று. நாம் பறித்து உலகுக்கு அளிக்கும் தேயிலையே நம் குருதியைக் குறைக்க விடலாமா?

மாணவர்களே! ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் ஓடிக் களைப்பதிற் பயனில்லை. இன்று சிறிது, அடுத்த வாரம் அதனினும் சிறிது கூடுதலாகப் பழகுங்கள். இடையிடையே ஓய்வு கொள்ளுங்கள். இரவில் நன்கு உறங்குங்கள். பெற்றோர்களே! ஓடி விளையாடும் பிள்ளையின் தட்டில், அதிலும் பெண் பிள்ளையின் தட்டில், குறை வையாதீர்கள். ஏற்றத்தை மலை தந்திருக்கிறது. ஊட்டத்தை நாமே தர வேண்டும்.