விளக்குமாறு

விளக்குமாறு அல்லது துடைப்பம் என்பது தரையில் உள்ள தூசு, குப்பை ஆகியவற்றைக் கூட்டி அகற்றப் பயன்படும் கருவியாகும். வட்டாரங்களுக்கேற்ப இது வாரியல், பெருக்குமாறு, சீமாறு எனவும் அழைக்கப்படுகிறது. எல்லாத் தரைகளுக்கும் ஒரே வகை பொருந்துவதில்லை.

வகைகள்

ஈர்க்கு விளக்குமாறு: தென்னங்கீற்றின் நடுநரம்பான ஈர்க்குகளைச் சீவிக் கட்டாகக் கட்டிச் செய்யப்படுகிறது. விறைப்பானது, நனைந்தாலும் பயன்படுத்தலாம். முற்றம், சொரசொரப்பான தரை, நீரூற்றிக் கழுவும் இடங்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது. ஆனால் ஈர்க்குகளின் இடைவெளி வழியே நுண்தூசு தப்பிவிடும்.

புல் துடைப்பம்: வடகிழக்கு இந்திய மலைப்பகுதிகளில் வளரும் தைசனோலீனா என்னும் புல்வகையின் பூங்கொத்துகளால் ஆனது. நெருக்கமான, மென்மையான நுனிகள் ஓடு பதித்த வழவழப்பான தரையில் நுண்தூசைத் திரட்டுகின்றன. நனைந்தால் நுனிகள் ஒட்டிக்கொள்ளும். புதியதில் பூத்துகள்கள் உதிரும் என்பதால், முதலில் வெளியே தட்டி உதறுதல் நன்று.

தும்புத்தடி: தேங்காய்த் தும்பை நீண்ட தடியில் பொருத்திச் செய்யப்படுகிறது. இலங்கையில் பரவலாகப் பயன்படுகிறது. நின்றபடியே கூட்டலாம்.

உடல்நலம்

குட்டையான விளக்குமாற்றால் நெடுநேரம் குனிந்து கூட்டுவது முதுகுவலிக்கு வழிவகுக்கலாம்; அத்தகையோருக்கு நீண்ட கைப்பிடி உதவும். உலர்ந்த தரையைக் கூட்டும்போது எவ்வகை விளக்குமாறும் ஓரளவு தூசைக் காற்றில் எழுப்பும். எனவே ஆஸ்துமா உள்ளோர் வாழும் வீடுகளில் ஈரத்துணியால் துடைப்பதே மேலானது.