யாழ்ப்பாணத்து அரசன் ஆள் அனுப்பிய மலை

கோப்பாயில் வளர்ந்த பிள்ளைக்கு மலை என்றால் கீரிமலை. போய்ப் பார்த்தால் அங்கே கடலும் கேணியும்தான் இருக்கும். உண்மையான மலையை எங்கள் தலைமுறை முதலில் கண்டது பாடப்புத்தகத்தில். 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்ட பின்னர், முகமாலையைத் தாண்டுவதே நினைக்க முடியாத பயணமாகிப் போனது.

இப்போது மார்கழி பிறந்தால் நண்பர்கள் சேர்ந்து வான் பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் புறப்படுகிறார்கள். உயரம் 2,243 மீற்றர். தென்கொரியத் தலைநகர் சியோலின் ஓரத்தில் நிற்கும் புக்கான்சான் மலை 836 மீற்றர்தான். நகரவாசிகள் விடுமுறை நாளில் அங்கே நடைக்கும் பாறையேற்றத்துக்கும் போகிறார்கள். எங்களுக்கு மலையேறுவது பெரும்பாலும் யாத்திரைதான். ஆனாலும் உடல் படும் பாடு ஒன்றே.

பருவகாலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. மற்ற மாதங்களில் மழை, காற்று, வழியில் விளக்குமில்லை. ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று ஏறுவதே குறுகிய பாதை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரிப் பக்கப் பாதை இதைவிட நீளம், அட்டைக்கடியும் உண்டு.

உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்கிறோம். பௌத்தர்கள் புத்தருடையது என்றும் முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்றும் வணங்குகிறார்கள். இன்று உச்சி பௌத்த பிக்குகளின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே நாங்கள் விருந்தாளிகள்தானே என்று என்னோடு வந்த ஒருவர் கேட்டார். அவருக்கு இபின் பதூதாவின் கதையைச் சொன்னேன். 1344 இல் மாலைதீவிலிருந்து வந்த அந்த மொரோக்கோ நாட்டுப் பயணி, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாதத்தைத் தரிசிப்பதே தன் விருப்பம் என்றார். அரசர் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட்டியனுப்பினார். அந்த யோகிகள் ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வருபவர்கள் என்றும் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

விடியற்காலையில் எல்லோரும் கிழக்கையே பார்த்து நிற்பார்கள். சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கம் திரும்புங்கள். மலையின் நிழல் பிசகில்லாத முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த வடிவ மலைக்கும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். நீண்ட தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தோன்றுமல்லவா, அதே கண்மயக்கு.

எங்களுடன் வந்தவர்களில் ஒருவர் 2009 இல் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர். நாங்கள் இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். அவர் தம்பியோடு ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்டார். செயற்கைக்காலோடு ஏற நினைப்பவர்களுக்கு அவர் சொன்னது இது: தண்டுக்காலுக்குப் போடும் உறைகள் நாலைந்து காய்ந்தபடி கையில் இருக்க வேண்டும். வியர்வையில் நனைந்த உறையோடு நடந்தால் தோல் உரிந்துவிடும். தேநீர்க்கடை வரும்போதெல்லாம் காலைக் கழற்றித் துடைத்து, உறையை மாற்ற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே கடினம், கைபிடிக்கம்பியை விடக்கூடாது.

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்கு வந்தபோது அவர் போர்வைக்குள் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.