விரற்கணு உயரத்துக் குளச்சல் வீரன்

விதுரையைக் கடந்து அகஸ்தியர்கூடத்தின் அடிவாரத்தை நோக்கி ஏறுகின்ற பாதையிலுள்ள போனக்காட்டில், ஆனி ஆடி மழை பிடித்துக்கொண்டால், லயத்துக் கதவைச் சாத்தி உள்ளே அமர்வதன்றி வேறு காரியம் தோன்றாத நாட்கள் பல உண்டு. அத்தகைய நாட்களில் கையும் கண்ணும் மனமும் ஒருசேர ஈடுபடும் வினோதத்தைத் தேடுவோருக்கு, சரித்திர வீரர்களின் சின்னஞ்சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டும் கலையை மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன்.

18-ஆம் நூற்றாண்டில் நூரெம்பர்க் நகரத்தார் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்தார்கள். 1893-இல் லண்டனில் பிரிட்டன் என்னும் குடும்பத்தார் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கினார்கள். இன்று கட்டைவிரலின் ஒரு கணு உயரமே உள்ள, 28 மில்லிமீட்டர் அளவு உருவங்கள் பெருவழக்கு. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் கொலுப் பொம்மைக்கு வர்ணம் பூசுவதைக் கண்டவர்களுக்கு இது அந்நியமான வித்தையன்று.

யாரைத் தீட்டுவது? தொலைதேசத்து நெப்போலியனின் சிப்பாய்களைத் தேடிப் போவானேன்? 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை முறியடித்தது. அப்போது சிறைப்பட்ட டச்சு அதிகாரி டி லனாய் பின்னர் அதே அரசரின் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் தமிழும் லத்தீனும் பொறித்த கல்லறையில் துயில்கிறார். அரசரையும் தளபதியையும் நூல்கள் பேசும். ஆனால் தூரிகை பிடித்தவனோ, பெயரறியாத சிப்பாயின் தலைப்பாகை என்ன நிறம், காலில் செருப்பு உண்டா, இடுப்பில் என்ன கட்டியிருந்தான் என்றெல்லாம் கேட்காமல் ஓர் அடியும் நகர முடியாது. இந்தக் கேள்விகளே இக்கலையின் உயிர் என்பது என் துணிபு.

இனிச் செய்முறை: உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, வர்ணம் பற்றுவதற்கான அடிப்பூச்சை இடுக. நம் மழைக்காலத்து ஈரக்காற்றில் தெளிப்பு டப்பாவின் பூச்சு மணல் மணலாகப் படிந்துவிடும். தூரிகையாலேயே பூசுவது உசிதம். அக்ரிலிக் வர்ணத்தைப் பாலின் பதத்துக்கு நீர்விட்டுக் கரைத்து, ஒரு கனத்த பூச்சுக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகப் பூசுக. அவசரப்பட்டு அப்பினால் பொத்தானும் மடிப்பும் மூழ்கிப்போகும். பிறகு நீர்த்த கரும்பழுப்பு வர்ணத்தை மேலே ஓடவிட்டால், அது பள்ளங்களில் தானே தங்கி நிழலாகும். மிகமிகச் சிறிய தூரிகை வேண்டும் என்பது பிரமை. நுனி கூராகக் கூடுகிற முதல் எண் தூரிகையே போதும். அந்நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பழைய ஈய உருவங்களானால் கையையும் நன்கு கழுவ வேண்டும்.

நம் சிற்பிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். இக்கலையிலோ பலர் முகத்தையும் கண்ணையும் முதலிலேயே தீட்டுகிறார்கள், கை தவறினாலும் சுற்றிலும் தோல் நிறத்தால் திருத்திக்கொள்ள இடமிருப்பதால்.

இறுதியாக அடிப்பீடம். மழை விட்டதொரு நாளில் வெற்றித் தூண் நிற்கும் குளச்சல் கரைக்குப் போனால், விரல் நுனியில் ஒட்டிய மணலே போதும். பசை தடவி அதைத் தூவினால், அந்தச் சிப்பாய் தன் மண்ணிலேயே நிற்பான்.