மணியின் வாயில் என்ன வாடை?

குழந்தைகளே, காசிமேட்டுப் பக்கம் வளரும் நாயின் வாய் நாறினால், "மீன் தின்றிருக்கும்" என்று விட்டுவிடுவோம். எங்கள் ராயபுரம் வீட்டு மணியையும் அப்படித்தான் விட்டேன். சோறு தொடாமல், தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தபோதுதான் பயம் வந்தது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், நமக்கோ 32தான்! துலக்காவிட்டால் பற்காரை படிந்து, ஈறு வீங்கி வாடை வரும். பெரும்பாலும் காரணம் இதுதான். மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகக் கோளாறாகவும், பழம்போல் இனித்த வாடை என்றால் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மணிக்குச் சிறுநீரகம்தான்.

நம் பற்பசையை நாய்க்குப் போடாதீர்கள். அதற்குத் துப்பத் தெரியாது. சில பசைகளில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம். அதற்கென்றே தனிப் பசை விற்கிறது.

மீன் தலைக்கு டாக்டர் தடை போட்டுவிட்டார். மீன்காரம்மா வந்தால் மணி என்னைத்தான் முறைக்கிறது!