பல் டொக்டர் என்றால் ஏன் இந்தப் பயம்?

காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் ஓர் அக்காவைப் பார்த்தோம். துவாயால் கன்னத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு பக்கம் நன்றாக வீங்கியிருந்தது. "என்னங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கேட்டோம். "கிராம்பு வச்சிருக்கேன், சரியாப் போயிரும். பல்லு டொக்டருகிட்ட மட்டும் போகச் சொல்லாதீங்க" என்றார். மூன்று பிள்ளை பெற்றவர். அட்டைக்கும் மழைக்கும் அஞ்சாமல் தினமும் மலை ஏறுகிறவர். அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

பல் வைத்தியத்துக்குப் பயப்படுவது உலகமெங்கும் உள்ள விஷயம். படித்தவர்களுக்கும் உண்டு, துரைமாருக்கும் உண்டு. வாயைத் திறந்து மல்லாந்து கிடக்கும்போது பேசவும் முடியாது, என்ன நடக்கிறதென்று பார்க்கவும் முடியாது. அந்த நேரத்தில் மனசு படபடப்பது இயல்பு. நம் பக்கத்தில் இன்னும் சில காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. தாத்தாவுக்கு நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு பல்லுப் புடுங்கிய கதையைச் சின்ன வயசிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம். டொக்டர் சிங்களத்தில் பேசினால் என்ன பதில் சொல்வது என்ற கூச்சம் இருக்கிறது. ஊத்தைப் பல்லைப் பார்த்து ஏசிவிடுவாரோ என்ற வெட்கமும் இருக்கிறது.

"ஊசி போட்டும் எனக்கு வலிச்சுதுங்க" என்று பலர் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. பல்லுக்கடியில் சீழ் பிடித்திருந்தால் அந்த இடத்துச் சதையில் ஒரு புளிப்புத் தன்மை ஏறிவிடும். விறைக்கிற மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. வீங்கி, தூக்கம் கெட்டு, இனி முடியாது என்ற நாளில்தான் நாம் போகிறோம். அன்றைக்கு மருந்தும் முழுசாகப் பிடிப்பதில்லை, வலிக்கிறது. அந்த வலியை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த பல்லையும் அதே மாதிரி வீங்கும்வரை விட்டுவிடுகிறோம். வீக்கம் வருவதற்கு முன்னால் போனவருக்கு அதே ஊசி நன்றாக விறைக்கும். வீங்கிய பிறகு போனாலும் வழியில்லாமல் இல்லை. டொக்டர் சில நேரம் சீழை வெளியேற்றி, மாத்திரை கொடுத்து, பிறகு ஒரு நாள் வரச் சொல்வார். அவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று கோபப்பட வேண்டாம்.

வலித்தால் போவோம் என்று காத்திருப்பதில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 1970இல் நம் நுவரெலியா மாவட்டத்து டன்சினன், ஹரோ ஆகிய இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்தார்கள். பிறகு 15 வருஷம் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். பூச்சிப்பல் அவர்களிடம் மிகக் குறைவு. (அப்போது லயத்துக் கடையில் இவ்வளவு டொபியும் பிஸ்கட்டும் தொங்கவில்லை!) ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் ஈறும் எலும்பும் 100 பேரில் 81 பேருக்கு மெதுவாகக் கரைந்துகொண்டே போயின. 8 பேருக்கு வேகமாகக் கரைந்தன. 11 பேருக்கு மட்டுமே பெரிய கெடுதி இல்லை. இந்தக் கரைச்சல் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. பல் துலக்கும்போது கொஞ்சம் இரத்தம் வரும், வாய் நாறும், பிறகு ஒரு நாள் பல் ஆடும். உலகத்துப் பல் டொக்டர்கள் இன்றும் படிக்கிற பாடம் இது. நம்மவர்களின் வாயைப் பார்த்து ஊரெல்லாம் படித்துக்கொண்டது, நாமும்தான் படிப்போமே.

வலிக்காத ஆபத்து இன்னொன்று இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களின் வாய்க்குள் வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ வரலாம். காரம் பட்டால் எரியலாம், வாய் முழுசாகத் திறக்காமல் போகலாம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க டொக்டர் முதலில் செய்வது கண்ணாடியை வைத்து வாய்க்குள் பார்ப்பதுதான். அந்தப் பார்வைக்கு ஊசியும் இல்லை, குறடும் இல்லை. ஆறாத புண் இரண்டு, மூன்று கிழமைக்கு மேல் இருந்தால் பல்லை மறந்துவிட்டு இதற்காகவே போங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சுகப்படுத்தலாம். பயந்துகொண்டு ஒரு வருஷம் மறைத்தவர்களின் நிலைமையை நாங்கள் பார்த்திருக்கிறோம், அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

சரி, எப்படிப் போவது? முதல் தடவை வலியில்லாத ஒரு நாளில் போங்கள், காட்டிவிட்டு மட்டும் வரலாம். டிக்கோயா கிளங்கன், நுவரெலியா போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு, வைத்தியம் இலவசம். அரைப் பேர் போகுமே என்பது உண்மையான கஷ்டம்தான். ஆனால் வீங்கிப் படுத்தால் நாலைந்து பேர் போகும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வெறும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, பயத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் மயக்கம் வரும். பிறகு "ஊசி ஒத்துக்கலை" என்று ஊருக்குள்ளே பேச்சாகிவிடும். சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம் இருந்தால், அல்லது கர்ப்பமாக இருந்தால், முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பல்லைக் காட்டக்கூடாது என்பது தவறு. நடு மாதங்களில் பயமில்லாமல் வைத்தியம் செய்யலாம்.

டொக்டரிடம் "எனக்குப் பயமா இருக்குங்க" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். தெரிந்தால் அவர் மெதுவாகச் செய்வார். வலித்தால் இடது கையைத் தூக்குவேன், நிறுத்துங்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால் "தத ரிதெனவா" என்றால் பல் வலிக்கிறது, "பொட்டக் இன்ன" என்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு வார்த்தை போதும். ஊசி போடும்போது மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள், கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருங்கள். கவனம் அந்தப் பக்கம் போகும். விறைத்த பிறகு இழுக்கிற மாதிரி, அழுத்துகிற மாதிரி தெரியும். அதை வலி என்று நினைத்துப் பதற வேண்டியதில்லை. கூர்மையாகக் குத்தினால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. வயசானவர்களுக்குப் பல்லும் போகும், கண்ணும் மங்கும். இரண்டையும் சேர்த்து யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். "சாப்பிடலைன்னா பல்லு டொக்டருகிட்ட ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்க்கவே பயிற்சி பெற்ற பல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் உங்கள் பல்லைக் காட்டப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நாற்காலி ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கட்டும்.

துவாய் கட்டியிருந்த அக்கா கடைசியில் கொழுந்துக்காரக் கூட்டாளி ஒருத்தியோடு போய் வந்தார். சீழை எடுத்து, மாத்திரை கொடுத்து, மறு கிழமை பல்லைக் கழற்றினார்களாம். "ஊசி குத்தினது எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வாய் கோணிப் போச்சுன்னு பயந்துட்டேன், சாயந்தரம்தான் சரியாச்சு" என்று சிரித்தார். இப்போது கூட்டாளி தன் பல்லைக் காட்டப் போகிறாராம், துணைக்கு இவர்.